உள்ளங்கையில் ஓர் ஏரி

கேபின் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீசில் பெரிய அதிகாரி உட்காரும் கண்ணாடித் தடுப்பு ஒன்றுதான். கருவூலத்தில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். "சார் கேபினுக்குக் கூப்பிடறார்" என்று பியூன் வந்து நின்றால் இன்றைக்கும் கனவில் வியர்க்கும். அதனால் 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வந்து, "அப்பா, இந்தத் தடவை நீங்க வர்றப்போ ஒரு வாரம் கேபின்ல தங்கறோம்" என்றதும் பதறிப் போய், "ஏம்ப்பா, நான்தான் ரிடையர் ஆயிட்டேனே!" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். வடக்கே காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி. கரையில் ஒரு மர வீடு. ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. அவ்வளவுதான் விஷயம். சும்மா இருக்க மதுரையில் எங்கள் வீட்டுத் திண்ணை இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மகன் ஆசையாய்ச் சொல்கிறான்.

"எங்கே இருக்கு அந்த இடம்?"

மகன் பதில் சொல்லாமல் வலது உள்ளங்கையை காமிராவுக்கு நேரே தூக்கிக் காட்டினான். ஏதோ ஆசீர்வாதம் செய்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மிச்சிகன்காரர்களுக்கு மேப்பே தேவையில்லையாம். அவர்கள் மாநிலத்தின் கீழ்ப்பாதி அச்சாக ஒரு கை மாதிரி இருக்கும். யாரை வழி கேட்டாலும் கையைத் தூக்கி, கட்டை விரல் பக்கம், சுண்டு விரல் பக்கம் என்று தொட்டுக் காட்டிவிடுவார்களாம்.

"நாங்க இருக்கிறது இங்க" என்று கட்டை விரலின் அடியைக் காட்டினான். டெட்ராய்ட் பக்கத்து நோவை. "ஏரிங்க எல்லாம் இங்க" என்று நடுவிரலுக்குக் கீழே தொட்டான்.

பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது சனி மேடுல்ல?"

கைரேகை சாஸ்திரத்தில் நடுவிரலுக்கு அடியில் இருப்பது சனி மேடுதான். ஆக, எங்கள் உல்லாசப் பயணம் சனி மேட்டில் என்று முடிவாயிற்று.

*

மிச்சிகனைச் சுற்றி நாலு பெரிய ஏரிகள். அவற்றை ஏரி என்று சொல்வதே மரியாதைக் குறைவு. லேக் மிச்சிகன் மட்டும் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அலையடிக்கிறது, கப்பல் போகிறது, எதிர்க்கரை தெரிவதில்லை. உப்பு ஒன்றுதான் பாக்கி. அதனால் மாநிலத்துக்கு உள்ளே இருக்கிற மற்ற ஏரிகளையெல்லாம் 'இன்லேண்ட் லேக்' என்று தனி ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவை 11,000-க்கு மேல். எங்கே நின்றாலும் ஆறு மைலுக்குள் ஏதாவது ஒரு நீர்நிலை இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். கோடை வந்தால் போதும், தெற்கே கார் ஃபாக்டரிகளைச் சுற்றி வாழ்கிற ஜனம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக வடக்கே கிளம்பிவிடும். 'அப் நார்த்' என்பார்கள். எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம்ம ஊரில் 'ஊருக்குப் போறேன்' என்றால் எந்த ஊர் என்று கேட்கிறோமா? அது மாதிரி.

"ஹெமிங்வேயே சின்ன வயசுல ஒவ்வொரு கோடைக்கும் இங்க வாலூன் ஏரிக்குத்தாம்பா வருவார். அவங்க குடும்பத்துக்குக் கரையிலேயே வீடு இருந்தது" என்றான் மகன், எங்களைத் தைரியப்படுத்த.

"அவர்கூட இட்லிக் குண்டான் வந்திருக்காது" என்று மருமகளின் குரல் மட்டும் பின்னாலிருந்து கேட்டது.

சரி என்று நான் ஒரு ஃபைல் திறந்தேன். பழக்க தோஷம். மகன் வாட்ஸப்பில் வீடு வீடாக அனுப்ப ஆரம்பித்தான். அங்கே காலை பத்தரை என்றால் இங்கே ராத்திரி ஒன்பது. சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நாங்கள் பெண் பார்ப்பது மாதிரி வீடு பார்ப்போம்.

வாடகைக்கு விடுகிறவர்கள் எழுதுகிற இங்கிலீஷ் ஒரு தனி இலக்கியம். பத்து வீடு படித்ததும் எனக்கு அர்த்தம் பிடிபட்டுவிட்டது. 'கோஸி' என்றால் திரும்பினால் முட்டும். 'ரஸ்டிக்' என்றால் தாத்தா கட்டியது, அப்புறம் யாரும் தொடவில்லை. 'எட்டுப் பேர் தூங்கலாம்' என்றால் நாலு பேர் தூங்கலாம், மீதி நாலு பேர் சோபாவில் முழித்துக்கொண்டிருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் நுழைந்து அடுத்த சனிக்கிழமை காலையில் காலி செய்ய வேண்டும். நடுவில் சேரவோ கிளம்பவோ பெரும்பாலும் விட மாட்டார்கள். படுக்கை விரிப்பு, துண்டு நாமே கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு 1,500 டாலர் என்று ஒரு வீட்டுக்குப் போட்டிருந்தது. மனசு உடனே 83-ஆல் பெருக்கிவிட்டது. ஒண்ணேகால் லட்சம்! அந்த வாடகைக்கு எங்கள் தெருவில் ஒரு வருஷம் குடியிருக்கலாம், மாவு மெஷினோடு.

ஆனால் பிரச்னை வாடகையில் இல்லை. என் மனைவியிடம் இருந்தது.

முதல் வீடு: "அடுப்படியில புகைபோக்கி இல்லை. வேண்டாம்." இரண்டாவது: "பின்னாடியே காடு. கரடி வரும்." (வரும்தான். கறுப்புக் கரடி வடக்கே நிஜமாகவே உண்டு.) மூன்றாவது வீட்டின் வாசற்படி செங்குத்து. நாலாவது தெற்கு பார்த்தது. பதினாலு வீடு வரைக்கும் போயிற்று. மருமகள் முகம் வீடியோவில் தெரிவது படிப்படியாகக் குறைந்தது. மகன், "அம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டான்.

"அடி எப்படி இருக்குன்னு கேளு" என்றாள்.

"மரத் தளம்மா. சூப்பரா பாலிஷ் போட்டிருக்காங்க."

"வீட்டோட அடியைக் கேக்கலடா. தண்ணியோட அடி."

நான் சிரித்துவிட்டேன். "ஏன், அங்க போய் நாத்து நடப் போறியா?" என்று ஜோக்கும் அடித்தேன். அவள் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போனாள்.

அன்றைக்கு ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, இருட்டில் கேட்டாள். "பேரனுக்கு இப்ப என்ன வயசு?"

"ஜூலையில எட்டு முடியுது. ஒம்பது பொறக்கும்."

"தம்பிக்கும் ஒம்பதுதான்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். சிவகங்கைப் பக்கம் அவள் ஊர்க் கண்மாய். 1974. இவளுக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஒன்பது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போனவன், அடுத்த எட்டில் இல்லை. கோடையில் யாரோ கரம்பை மண் வெட்டி எடுத்த குழி. மழை வந்து தண்ணீர் நிறைந்ததும் மேலே எல்லாம் ஒரே மட்டமாய்த்தான் தெரிந்திருக்கிறது. கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் இவள்.

அதற்குப் பிறகு அவள் தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போதுகூடப் பாலத்தில் நின்று கும்பிடுவாள். ராமேசுவரத்தில் நாங்கள் எல்லோரும் கடலில் முங்க, இவள் கரையில் உட்கார்ந்து ஒரு செம்பில் மொண்டு வரச் சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டாள். இத்தனையும் பார்த்தவன் நான். நாற்று நடுகிற ஜோக் அடித்தவனும் நான்தான். காலையில் அவள் வைத்த காப்பியைக் குடிக்கவே வெட்கமாக இருந்தது.

மகனிடம் தனியாகப் பேசினேன். அவனுக்கு விஷயமே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேன்சல் பண்ணிடலாமாப்பா?" என்றான்.

"அவ வேண்டாம்னு சொல்லலையே. அடியைத்தானே கேக்கறா? கேட்டுச் சொல்லு."

*

இங்கேதான் அந்த நாட்டுக்காரன் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறான். மிச்சிகனின் இயற்கை வளத் துறை நிறைய ஏரிகளின் அடியை அளந்து, மேப் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இலவசமாக வைத்திருக்கிறது. கரையை ஒட்டி ஒரு கோடு, ஐந்தடி ஆழத்துக்கு ஒரு கோடு, பத்தடிக்கு ஒரு கோடு என்று கோலம் போட்ட மாதிரி இருக்கும். மீன் பிடிக்கிறவர்களுக்குப் பிரியமான மேப். மகன் ஏழு ஏரிகளின் மேப்பை அனுப்பினான். நான் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரின்ட் எடுத்துவந்து ஃபைலில் கோத்தேன்.

எனக்கு அதைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆயிற்று. அவளுக்கு இரண்டு நிமிஷம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கோலம் படிக்கத் தெரியும். "கோடு நெருக்கமா இருந்தா பள்ளம். தள்ளித் தள்ளி இருந்தா சரிவு" என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கரையாக விரலால் தடவ ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கத்துச் சின்ன ஏரிகளில் பல, பனியுகம் விட்டுப்போன பள்ளங்கள். பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னால் வடக்கேயிருந்து வந்த பனிப்பாறை பின்வாங்கியபோது, வீடு வீடாகப் பெரிய ஐஸ் பாளங்களை மணலிலும் சரளையிலும் புதைத்துவிட்டுப் போயிற்று. பாளம் மெல்ல உருகியதும் அந்த இடத்தில் குழி. குழியில் தண்ணீர். அதனால் கரையோரம் வெள்ளை மணல் மேடாய்க் கொஞ்ச தூரம் போகும்; பிறகு திடீரென்று விளிம்பு மாதிரி முடிந்து கருநீலமாய் இறங்கிவிடும். 'ட்ராப் ஆஃப்' என்று அதற்குப் பெயர். ஆக, மண் வெட்டிகள் விஷயத்தில் அவள் பயந்தது நூற்றுக்கு நூறு நியாயம். இங்கே வெட்டியவன் மனுஷன் இல்லை, அவ்வளவுதான்.

நாலு ஏரிகளை உடனே தள்ளினாள். இரண்டில் வீடு காலியில்லை. மிஞ்சியது ஒன்று, கிரேலிங் ஊருக்குப் பக்கத்தில். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல சின்ன ஏரிக்கு விளம்பரம் ஆகாது. அதன் ஒரு கரையில் ஐந்தடிக் கோடு நன்றாகத் தள்ளிப் போயிருந்தது. அந்தக் கரையில் இருந்த வீட்டில் புகைபோக்கி கிடையாது, வாசற்படி செங்குத்து, தெற்கு பார்த்தது, பின்னால் காடு.

"இது போதும்" என்றாள்.

ஜூலை 13 முதல் 20 வரை. பணம் கட்டியாயிற்று.

*

மே மாதம் போய் இறங்கினோம். சாமான் கட்டுவதைப் பற்றி எழுதினால் தனித் தொடராகவே போடலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் பெட்டியில் இட்லி மாவு மூன்று டப்பா. குக்கர். புளிக்காய்ச்சல். கொசு மருந்து ஆளுக்கொரு புட்டி. விறகு மட்டும் எடுத்துப் போகக்கூடாது என்றான் மகன். எமரால்டு ஆஷ் போரர் என்று ஒரு பச்சை வண்டு. 2002-ல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்களாம். விறகோடு சவாரி செய்து ஊர் ஊராய்ப் போய் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. எரிக்கிற கட்டையை எரிக்கிற ஊரிலேயே வாங்க வேண்டும். நல்ல கொள்கை.

மூன்று மணி நேரப் பயணம். ஃப்ளின்ட் தாண்டி, பே சிட்டி தாண்டி, அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் பைன் மரம் நெருங்கி வந்துவிடுகிறது. கிரேலிங் என்பது ஒரு மீனின் பெயர். அந்த ஆறுகளில் கூட்டம் கூட்டமாய் இருந்த மீன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை மொட்டையடித்து, மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டே கொண்டுபோனதில், அது முட்டையிடுகிற சரளைப் படுகை நாசமாயிற்று. மிச்சத்தைப் பிடித்துத் தின்று தீர்த்தார்கள். ஊருக்குப் பெயர் நிலைத்தது, மீன் போய்விட்டது. வெட்டாமல் தப்பிய பழைய பைன்கள் கொஞ்சம் ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவில் நிற்கின்றன, 49 ஏக்கரில். ஒருநாள் போய் அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீடு விளம்பரத்தில் சொன்னதைவிடக் 'கோஸி'. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சட்டதிட்டங்கள் எங்கள் கருவூல விதித்தொகுப்பை நினைவூட்டின. செப்டிக் டாங்க்கில் இதைப் போடாதே, அதைப் போடாதே. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாசனை அடிக்கும், பயப்படாதே. முதல் நாள் ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தாளே பார்க்க வேண்டும்... கூரையில் இருந்த புகை மணி அலறிய அலறலில் எதிர்க்கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மகன் ஸ்டூல் மேல் ஏறித் துண்டால் விசிற, மருமகள் ஜன்னலைத் திறக்க, "புகைபோக்கி வேணும்னு அப்பவே சொன்னேன்" என்றாள் இவள்.

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் முழுசாய் விழுகிறது. அப்புறம் லூன் என்ற பறவை கத்தியது. ஓநாயும் நாதஸ்வரமும் கலந்த மாதிரி ஒரு ஓலம். பகலில் பார்த்தால் அதே பறவை, குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிறது.

மறுநாள் காலை. பேரன் லைஃப் ஜாக்கெட் மாட்டி, கரையில் குதித்துக்கொண்டிருந்தான். நீச்சல் வகுப்புக்குப் போகிறவன்தான். ஆனாலும், "அப்பத்தா வர்ற வரைக்கும் காலை வைக்காதே" என்று உத்தரவு.

அப்பத்தா வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் படகுத் துடுப்பு. இன்னொரு கையில் ஷெட்டிலிருந்து எடுத்த நாலு ஆரஞ்சுக் குச்சிகள். பனிக்காலத்தில் பாதையின் ஓரம் தெரிவதற்காக நட்டுவைப்பார்களே, ஆள் உயரக் குச்சி, அது.

யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினாள்.

துடுப்பின் பிடியால் முன்னால் குத்திப் பார்ப்பாள். ஓர் எட்டு வைப்பாள். மறுபடி குத்துவாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. தண்ணீர் கண்ணாடி மாதிரி. அவள் பாதம் மணலில் பதிவதுகூட எனக்கு மரத் துறையில் நின்று தெரிந்தது. மகன் இரண்டடி பின்னாலேயே போனான். அவள் திரும்பி, "நீ அங்கேயே நில்லு" என்றாள். நின்றுவிட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது. எட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய?

அறுபத்திரண்டாவது எட்டில் துடுப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அவள் அசையாமல் நின்றாள். தண்ணீர் மார்பளவு. முன்னால் கருநீலம். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு எட்டு பின்வாங்கி, முதல் குச்சியை அழுத்தி நட்டாள். விளிம்போடு நடந்து இரண்டாவது, மூன்றாவது, நாலாவது.

அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப வாடா. இந்தக் குச்சிக்கு இந்தாண்டதான்."

ஏழு நாளும் அந்த எல்லைக்குள்தான் ராஜ்ஜியம். பேரனோடு அவளும் தினம் இறங்கினாள். கரையேறியதும் அவனைத் துண்டால் தேய் தேய் என்று தேய்த்துவிடுவாள். அந்த ஏரிகளில் நத்தையிலிருந்து வருகிற ஒரு நுண்புழு தோலில் புகுந்து அரிப்பு கொடுக்கும், உடனே துடைத்தால் நல்லது என்று மருமகள் சொல்லியிருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் ஃபைலில் குறித்துக்கொண்டேன். மகன் லைசென்ஸ் வாங்கி (17 வயதுக்கு மேல் யார் தூண்டில் போட்டாலும் வேண்டும்) புளூகில் என்ற உள்ளங்கையளவு மீன் ஒன்பது பிடித்தான். நம்ம கண்மாய் ஜிலேபிக் கெண்டைக்குத் தம்பி மாதிரி. மசாலா தடவி வறுத்ததில் புகை மணி மறுபடி அலறியது.

கிளம்புகிற சனிக்கிழமை அவசரத்தில் குச்சிகளைப் பிடுங்க மறந்துவிட்டோம். வழியில் ஞாபகம் வந்து மகன் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்டான். அக்டோபரில் மரத் துறையைக் கழற்றி மேலே ஏற்றும்போது நானே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஐஸ் எடுத்துக்கொள்ளும் என்று பதில் வந்தது.

அடுத்த பிப்ரவரி, மறுபடி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வீடியோவில் மகன், "அம்மா, இந்த வருஷம் எந்த வாரம் புக் பண்ணட்டும்?" என்றான்.

வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மொதல்ல அந்த நாலு குச்சியும் ஷெட்டுல இருக்கான்னு கேளு."